மாமியிடம் சொல்ல மூன்று பெயர்

இஞ்சாருங்கோ,

இன்று காலை மன்னார் பஸ்ஸில் எனக்கு ஒரு பை வந்தது. கொண்டக்டர் வாசலில் வைத்துவிட்டு, "அன்ரி, மறிச்சுக்கட்டியில இருந்து" என்று சொல்லிக்கொண்டே திரும்ப ஏறிவிட்டார். பையை அவிழ்க்க முன்பே மணம் பிடித்துவிட்டது. பாலப்பழம். பாலைமரத்துச் சின்னப் பழம், மஞ்சள் மஞ்சளாக, ஒரு காம்பு இல்லாமல் துப்புரவாக்கி அனுப்பியிருக்கிறார்கள்.

சிலாவத்துறைக்குப் பஸ் ஓடிவிட்டு வரும்போது நீங்கள் இதைக் கடதாசியில் சுற்றிக்கொண்டு வருவீர்கள். ஒரு கை தின்றால் போதும், பிசின் பிடித்து உதடு இரண்டும் ஒட்டிக்கொள்ளும். தேங்காயெண்ணெய் பூசினால்தான் விடும். "கொஞ்ச நேரமெண்டாலும் உம்மட வாய் மூடி இருக்கட்டும் எண்டுதான் வாங்கியந்தனான்" என்று என்னைச் சீண்டுவீர்கள். இன்றைக்குத் தனிய இருந்து தின்றேன். உதடு ஒட்டிக்கொண்டது. எண்ணெய் தேடிப் போகவில்லை. ஆரோடு கதைக்கப் போகிறேன்?

இதை அனுப்பினது ஆரென்று தெரிந்தால் நீங்கள் குழிக்குள்ளிருந்தும் எழும்பி இருப்பீர்கள். போன ஆத்துமாக்கள் திருநாளன்று சேமக்காலையில் உங்கள் குழியடிக்கு வந்து எல்லாம் சொன்னேன்தான். அழுகைக்குள் பாதி விட்டுப்போய்விட்டது. அதுதான் ஆற அமர இருந்து எழுதுகிறேன். என் எழுத்தைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம்.

எங்கள் கலியாணப் பேச்சிலிருந்துதான் தொடங்க வேண்டும். பஸ் றைவர், குடி இல்லை, கோயிலுக்கு ஒழுங்கு என்று என் ஐயா உடனே ஓம் சொல்லிவிட்டார். பெரியம்மாதான் குறுக்கே விழுந்தா. "பொடியன் நல்லவன். தாய் ஆற்ற பிள்ளை? வளத்தவையைத் தெரியும். பெத்தவையை ஆர் கண்டது?" என்று விறாந்தையில் வைத்தே கேட்டா. உங்களைப் பெற்ற மாமி அங்கேதான் இருந்தா. குடித்துக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கதிரைக்குக் கீழே வைத்துவிட்டு, சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, "எனக்கும் தெரியாது பிள்ளை" என்று மட்டும் சொன்னா. அந்தக் குரல் இன்னும் என் காதுக்குள் கிடக்கிறது. பெரியம்மாவோடு நான் பிறகு எவ்வளவோ காலம் கதைக்கவில்லை.

கோயிலில் கலியாண ஓலை கூற முன், இரண்டு பகுதிக்கும் இரத்த உறவு ஏதும் உண்டோ என்று சுவாமியார் பார்க்க வேண்டும். மாமியின் தாய் தகப்பன் பெயரைக் கேட்டார். ஞானஸ்நானப் புத்தகத்தில் இருக்கும் சுவாமி என்றீர்கள் நீங்கள். அவர் அலுமாரியைத் திறந்து காட்டினார். முந்தின வருஷத்துப் புயலில் கடல் தண்ணி ஏறி, மாமி பிறந்த காலத்துப் புத்தகங்கள் நனைந்து, காய்ந்து, செங்கல் மாதிரிக் கட்டியாகிக் கிடந்தன. "பிரிச்சா தூள்தான் வரும் தம்பி" என்றார். நல்ல மனிசன், அதைச் சாட்டிக் கலியாணத்தை மறிக்கவில்லை.

கலியாணத்தன்று மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் குடை பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிவருவது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். உங்களுக்கு ஆர் இருக்கிறது? உங்களோடு ஓடுகிற கொண்டக்டர்தான் குடை பிடித்தார். தெருவில் நின்ற சனம் உங்களைப் பார்க்கவில்லை, குடையைப் பிடித்த கையைத்தான் பார்த்தது. மாமி எல்லாருக்கும் பின்னால், ஆரோ வீட்டுக் கலியாணத்துக்கு வந்தவ மாதிரி, தலையைக் குனிந்துகொண்டு வந்தா. "அம்மாட ஆக்களை நான் கண்டுபிடிக்காமல் விடன்" என்று அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னீர்கள். கலியாணப் பெண்ணுக்கு முதன்முதல் சொல்லுகிற கதையைப் பாருங்கோவன்.

அதிலிருந்து உங்கள் லீவு நாள் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை. வங்காலை, அரிப்பு, முருங்கன் என்று ஒவ்வொரு கோயிலாக ஏறி இறங்கினீர்கள். போகிற இடமெல்லாம் ஒரே கேள்விதான். "தகப்பன்ட பேர் என்ன?" தகப்பன் பெயர் தெரிந்தால்தான் புத்தகத்தில் தேடலாம், புத்தகத்தில் தேடினால்தான் தகப்பன் பெயர் தெரியும். ஒரு தடவை வெறுங்கையோடு வந்து, "இது பஸ்சைத் தள்ளினாத்தான் ஸ்டார்ட் வரும், ஸ்டார்ட் வந்தாத்தான் தள்ளலாம் எண்ட கதை" என்றீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

மாமியிடம் கேட்டால் அவவுக்கும் ஒன்றும் இல்லை. வளர்த்த தாய் தகப்பன் சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். ஆரோ ஒரு பெண்ணின் இடுப்பில் இருந்தது, பிறகு மாட்டு வண்டிலில் கனதூரம் வந்தது, இவ்வளவுதான் அவவின் ஞாபகம். நீங்கள் கொண்டுவரும் பாலப்பழத்தை வாயில் போட முன்பு மாமி மணந்து பார்ப்பா, கவனித்திருப்பீர்கள். ஏன் மாமி என்று கேட்டால், "சும்மா" என்பா.

இன்னொன்றும் இருந்தது. பன்றி இறைச்சி. பாலன் பிறந்த நத்தாருக்கு ஊர் முழுக்கப் பண்டிக்கறி மணக்கும், எங்கள் வீட்டில் மட்டும் கோழி. மாமி சாப்பிடமாட்டா, சட்டியிலும் படவிடமாட்டா. "வளத்தவ என்னட்டச் சத்தியம் வாங்கினவ" என்பா. ஏனென்று அவவுக்கும் தெரியாது. சின்னனில் காய்ச்சல் வருத்தம் வந்து அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருப்பார்கள் என்று ஊரே முடிவு கட்டிவிட்டது. நாங்களும் அப்படித்தான் நம்பினோம். வேறென்ன நினைக்க? எங்கள் பேசாலையில் ஒருத்தர் ஒன்றைத் தின்னாமல் விட்டால் அது நேர்த்தியாகத்தானே இருக்க வேண்டும்.

"நேர்த்தி மாமிக்கு, பத்தியம் எனக்கோ?" என்று நான் ஒவ்வொரு நத்தாருக்கும் சட்டியை இடித்து வைப்பேன். ஒரு முறை நீங்கள் கழற்றின சேட்டைக் கொடியில் போட்டபடியே சொன்னீர்கள்: "இஞ்சாரும், அம்மாவுக்கு ஆரிட்டையோ இருந்து வந்த சொத்து இது ஒண்டுதான். கிடக்கட்டும்." அதற்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை. உங்களுக்கு முன்னால் திறக்கவில்லை என்று வையுங்கோ.

ஆத்துமாக்கள் திருநாளில் ஊரார் எல்லாரும் அவரவர் பாட்டன் பூட்டன் குழியில் மெழுகுதிரி கொளுத்துவார்கள். நீங்கள் தகப்பன் குழியில் ஒன்றைக் கொளுத்திவிட்டு, பெரிய குருசடிக்குப் போய் இன்னொன்றை வைப்பீர்கள். எங்கேயோ செத்தவர்களுக்கும் குழி தெரியாதவர்களுக்கும் அங்கேதான் வைப்பது. மற்றவர்கள் பெயர் சொல்லிச் செபிக்க, நீங்கள் வாயை மூடிக்கொண்டு நிற்பீர்கள். மாமி செத்த பிறகும் அப்படியே. சாகக் கிடந்தபோது அவ உங்களிடம் கடைசியாகக் கேட்டது, "தம்பி, கிடைச்சுதோ?" என்பதுதான். "இன்னும் இல்லையணை" என்றீர்கள். மாமி தலையை ஆட்டினா, அவ்வளவுதான்.

பிறகு வந்த சண்டைக் காலத்தை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சிலாவத்துறை ஓட்டம் நின்றது. அந்தக் கரையில் இருந்த முஸ்லிம் சனத்தை உடுத்த உடுப்போடு போகச் சொல்லிவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று நீங்கள் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டீர்கள். "காலமை என்ர பஸ்சில ஏறுற சனமப்பா. ஒவ்வொருத்தரும் எங்க இறங்குவினம் எண்டு எனக்குத் தெரியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். பிறகு எங்களுக்கும் மூட்டை கட்டுகிற முறை வந்தது. மடு மாதா கோயில் வரை நடந்து, திரும்பி வந்து, கூரை போட்டு, நெஞ்சில் சளியோடு நீங்கள் பாயில் விழுந்தபோது தேடுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை.

அப்போதும் விட்டீர்களா? மூச்சு வாங்க வாங்க என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "அங்க அம்மாவைக் காணேக்க, கிடைச்சுதோ எண்டு கேப்பா. நான் என்னத்தைச் சொல்லுறது?" "உங்களுக்கு விசர், தண்ணியைக் குடியுங்கோ" என்றேன். மாமியிடம் சொல்ல ஒன்றுமில்லாமலேயே நீங்கள் போனீர்கள். உங்களைப் புதைத்த அன்று எனக்கு அதுதான் நெஞ்சை அறுத்தது.

இப்போது கேளுங்கோ.

போன ஆத்துமாக்கள் திருநாள். வாடை தொடங்கி மழை பிசுபிசுத்துக்கொண்டிருந்தது. நான் மெழுகுதிரிப் பெட்டியோடு வெளிக்கிட்டு நிற்க, வாசலில் ஒரு மனிசன். வெள்ளைத் தொப்பி, அறுபது தாண்டிய வயது, கையில் கறுப்புக் குடை. "மதலேனாள் எண்டு ஒரு அம்மா இருந்த வீடு இதுதானோ அக்கா?" என்று கேட்டார்.

"அவ என்ட மாமி. செத்துக் கனகாலம். நீங்கள் ஆர்?"

மனிசன் குடையை மடக்கினார். "பிழையா நினைக்காதேங்கோ. அவ பண்டி சாப்பிடுறவவோ?"

எனக்கு நெருப்பெடுத்தது. "ஆத்துமாக்கள் திருநாளும் அதுவுமா, செத்த மனுசியைப் பற்றி வாசல்ல நிண்டு கேக்கிற கேள்வியோ இது? நல்லாயிருக்கு ஞாயம்!"

"கோவிக்காதேங்கோ அக்கா. மதலேனாள் எண்டு இந்த ஊரில கனபேர். முந்திக் கேட்ட வீட்டில ஓம், நல்லாச் சாப்பிடுவா எண்டிச்சினம். அதான் அவ இல்லை எண்டு திரும்பிட்டன்."

"சாப்பிடுறேல்லை. சட்டியிலயும் படவிடமாட்டா. அவ செத்த பிறகும், இண்டைக்கு வரைக்கும், இந்த வீட்டுச் சட்டியில அது ஏறேல்லை. போதுமோ?" என்று கத்தினேன்.

அவர் நனைந்த வாசல்படியிலேயே குந்திவிட்டார். குடையை மடியில் வைத்துக்கொண்டு, முகத்தைத் தொப்பியால் மூடிக்கொண்டு அழுதார். நான் பயந்துபோய்த் தண்ணி எடுத்துக் கொடுத்தேன்.

அவர் பெயர் காதர். மறிச்சுக்கட்டி ஆள். அவர் சொன்னதை அப்படியே உங்களுக்குச் சொல்கிறேன். காதரின் தகப்பன் கைக்குழந்தையாக இருந்த காலத்தில், இந்தியாப் பக்கத்து அக்கரையிலிருந்து வந்த ஒரு வேதக்காரக் குடும்பம் அவர்களின் ஊருக்குக் கிட்டக் கடற்கரையில் மீன்வாடிக் கொட்டில் போட்டிருந்ததாம். புருஷன் சவிரிமுத்து. பெண்சாதி திரேசாள். திரேசாள் வாடியிலேயே ஒரு பெண்பிள்ளையைப் பெற்றுவிட்டுக் கண்ணை மூடிவிட்டா. பிள்ளைக்கும் மூச்சு இழுத்திருக்கிறது.

"தப்பாது எண்டு நினைச்சு, அந்த மனிசன் எங்கட வீட்டுக் குடத்துத் தண்ணியை வாங்கிப் பிள்ளையின்ட தலையில ஊத்தி, மதலேனாள் எண்டு பேர் வச்சாராம்" என்றார் காதர்.

அவசரத்துக்கு எங்களில் ஆரும் அப்படித் தண்ணி ஊற்றலாம்தானே. பிறகு கோயிலில் சொல்லி எழுத வேண்டும். ஆனால் சவிரிமுத்து எங்கே போய் எழுதினார்? காட்டோரத்துக் கரையில் சுவாமியார் ஏது? நீங்கள் வருஷக்கணக்காகத் தேடின அந்த ஞானஸ்நானம் ஒரு முஸ்லிம் வீட்டுத் தண்ணியில் நடந்து, அந்த மணலிலேயே விடப்பட்டிருக்கிறது. நாங்கள் பாவம் புயலைத் திட்டிக்கொண்டிருந்தோம்.

பிள்ளை பிழைத்துக்கொண்டது. காதரின் தகப்பனைப் பெற்ற தாய், ஆசியா உம்மா, தன் மகனுக்குக் கொடுத்த பாலையே இந்தப் பிள்ளைக்கும் கொடுத்தாவாம். பிள்ளை தவழுகிற காலத்தில் சவிரிமுத்து கடலுக்குப் போனவர் வரவில்லை. வள்ளம் மட்டும் கரை தட்டினது. பிள்ளை ஓடி விளையாடுகிற வயது வரும்வரை ஆசியா உம்மாதான் இடுப்பில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறா. பக்கத்து வாடிக்கு வந்த பேசாலைப் புருஷன் பெண்சாதி, பிள்ளை இல்லாதவர்கள், கேட்டபோதுதான் கொடுத்தாவாம்.

"விருப்பத்தோட குடுக்கேல்லை. தகப்பன் வேதத்தில பேர் வச்ச பிள்ளை, எங்களிட்ட நம்பி விட்டிட்டுப் போன அமானிதம், அவட வேதத்திலயே வளரட்டும் எண்டு குடுத்தாவாம். ஊர் ஒரு கதை கட்டும், பிள்ளையைத் தேடி வரக்கூடாது எண்டு அவையள் கேட்டிச்சினம். உம்மா ஓம் எண்டு வாக்குக் குடுத்திட்டா. தான் ஒண்டே ஒண்டுதான் கேட்டாவாம். இது என்ட பால் குடிச்ச உடம்பு, இதுக்குள்ள பண்டியை மட்டும் போகவிடாதேங்கோ எண்டு."

நான் அடுப்படியைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நத்தாருக்கு நான் இடித்து வைத்த சட்டி அங்கேதான் கவிழ்ந்து கிடந்தது.

"இவ்வளவு காலத்துக்குப் பிறகும் எப்பிடித் தம்பி பேரெல்லாம் ஞாபகம்?" என்று கேட்டேன்.

"எங்கட ஆக்கள் இதை மறக்கேலாது அக்கா. ஒரு தாயிட்டப் பால் குடிச்சா கூடப்பிறந்ததுக்குச் சரி. நாளைக்கு ஒரு கலியாணம் பேசேக்க, ஆர் ஆரிட்டக் குடிச்சது எண்டு பார்த்துத்தான் பேசுவம். அதால வாப்பாவுக்குப் பேசாலையில ஒரு தங்கச்சி இருக்கிறா, பேர் மதலேனாள், பெத்தவை இன்னார் எண்டு வீட்டில எல்லாருக்கும் பாடம். உம்மா குடுத்த வாக்குக்காக வாப்பா வரேல்லை. புத்தளத்தில, ஓலைக் கொட்டிலுக்குள்ள, கண் மூடி மௌத்தாகிறதுக்கு முதல்தான் என்னட்டச் சொன்னார். எங்களை ஊரை விட்டுக் கலைச்சிட்டாங்கள், இனி வாக்கு என்ன வாக்கு, ஊருக்குத் திரும்பினா என்ட தங்கச்சியை ஒருக்காப் பார் எண்டு."

மதலேனாளின் மகன் என்ன செய்தவர் என்று அவர் கேட்டார். சிலாவத்துறை பஸ் றைவர் என்றேன். காதர் எழும்பி நின்றுவிட்டார். அவருடைய வாப்பா பழம் பாய் எல்லாம் கொண்டு கிழமைக்குக் கிழமை மன்னார்ச் சந்தைக்குப் போனது உங்கள் பஸ்ஸில்தானாம். மூட்டையை வைத்துக்கொண்டு எப்போதும் முன் சீற்றில்தான் இருப்பாராம். றைவர் பாலப்பழம் வாங்குவார் என்பது காதருக்கும் ஞாபகம்.

ஐயோ, உங்களுக்கு விளங்குதா? உங்கள் தாய்மாமனிடம் நீங்கள் காசு கொடுத்துப் பழம் வாங்கியிருக்கிறீர்கள். எங்கள் கலியாணத்தன்று உங்களுக்குக் குடை பிடிக்க ஆளில்லை என்று மாமி தலையைக் குனிந்துகொண்டு நடந்தாவே, அந்த மனிசன் அன்றைக்கு உயிரோடு, நல்ல சுகத்தோடு, அந்தக் கரையில்தான் இருந்திருக்கிறார். உங்களுக்குப் பின்னால் எத்தனை மைல் வந்திருப்பார், ஒரு சொல் கதைத்திருப்பாரோ தெரியாது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரமும் அழுகையும் ஒன்றாகத்தான் வருகிறது.

அவருக்குச் சாப்பாடு கொடுக்கலாமோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே கேட்டார். "பசிக்குது மச்சாள். இந்த வீட்டுச் சட்டியில நான் யோசிக்காமல் சாப்பிடலாம்." அவர் வாயில் நான் மச்சாள் ஆனது அப்போதுதான். சோறும் விளைமீன் குழம்பும் போட்டேன். சாப்பிடும்போது எங்கள் கலியாணக் கதையை, குடைக் கதையை எல்லாம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

பிறகு என்னோடு சேமக்காலைக்கு வந்தார். சனம் பார்த்தது. பார்க்கட்டும். முதலில் குருசடிக்குப் போனேன். நீங்கள் வாய் மூடி நின்ற இடத்தில் நின்று, சவிரிமுத்து, திரேசாள் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்கத்தக்கதாகப் பெயர் சொல்லிக் கொளுத்தினேன். பெரியம்மாவும் அங்கேதானே ஒரு மூலையில் கிடக்கிறா, அவவுக்கும் கேட்டிருக்கும்.

மாமியின் குழியில் ஒன்றை வைத்துவிட்டு உங்களிடம் வந்தோம். காதர் குனிந்து ஈர மண்ணைக் கையால் அள்ளி உங்கள் குழியில் போட்டார். "மச்சான், வாப்பாவும் வரேல்லை. நானும் பிந்திட்டன்" என்றார். அதற்குள் மழை பலத்துவிட்டது. மெழுகுதிரி அணையப் பார்த்தது. அவர் குடையை விரித்து உங்கள் தலைமாட்டுக்கு மேலே பிடித்தார். தான் முழுக்க நனைந்துகொண்டு நின்றார். மற்றச் சனமெல்லாம் ஓடிவிட்டது.

"வாங்கோ தம்பி, காய்ச்சல் வரும்" என்றேன்.

"எரிஞ்சு முடியட்டும் மச்சாள்" என்றார்.

அடி வரை எரிந்து முடியுமட்டும் அவர் கை இறங்கவில்லை.

நான் எழுத வந்தது இதற்குத்தான். மாமி உங்களுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறா. இனிக் கேட்டால் வாய் மூடி இருக்க வேண்டாம். தகப்பன் சவிரிமுத்து என்று சொல்லுங்கோ. பெற்றவ திரேசாள். பால் தந்தவ ஆசியா உம்மா. மாமி மணந்து பார்த்த அந்தப் பாலப்பழ மணம் அவவின் இடுப்பில் இருந்த மணம் என்றும் சொல்லுங்கோ. அதைக் காதர் சொல்லவில்லை, நான்தான் சொல்கிறேன்.

நேற்று மகன் கொழும்பிலிருந்து போன் எடுத்தான். "அம்மா, இந்த நத்தாருக்கு எண்டாலும் பண்டி சமைப்பமே. ஆச்சியின்ட நேர்த்திதான் எப்பவோ முடிஞ்சு போச்சே" என்றான். அது நேர்த்தி இல்லையடா, ஒரு தாய்க்குக் கொடுத்த வாக்கு என்று சொல்லி, முழுக் கதையையும் போனிலேயே சொன்னேன். பிறகு, "கோழி எண்டால் காதர் மாமாவையே அறுத்துத் தரச் சொல்லுங்கோ, அவரும் சாப்பிடலாம்" என்றான்.

நீங்கள் மாமியைப் பார்த்துக்கொள்ளுங்கோ. நான் இருக்குமட்டும் சட்டியை நான் பார்த்துக்கொள்கிறேன்.